அக்கா ஃபைன் இல்லை

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் நான் மூச்சிரைக்க வந்து நின்றபோது, மருந்து கொடுக்கிறவர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். "நோ சேர், ஷீ இஸ் ஃபைன். குவைட் ஃபைன்." அவர் முதுகுக்குப் பின்னால், மர வாங்குப் பலகையின் மேல், என் அக்கா கிடந்தாள்.

அவள் முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சேலையை வைத்துத்தான் கண்டுகொண்டேன். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கீறல்கள். உதடுகள் உப்பி, மூட முடியாமல் விலகி நின்றன. கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் கைகளிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. அவளோடு கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்து, அக்காவின் கூந்தலுக்குள் சிக்கிச் செத்திருந்த குளவிகளை விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் புறங்கையும் வீங்கித்தான் இருந்தது.

"வந்துட்டியா பாப்பா" என்றாள் அக்கா. எனக்குக் கலியாண வயதில் மகள் இருக்கிறாள். அக்காவுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் நான். அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். அதே லயத்து வரிசை வீட்டில், நாங்கள் பிறந்த அதே காம்பரா அறையில், அக்கா இன்னும் குடியிருக்கிறாள். அந்தத் தொலைபேசிப் பேச்சு அந்த அறையில் இருந்த மூன்று பெண்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் விளங்கியது. ஃபைன். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. நன்றாக இருக்கிறாள், கவலைப்பட ஒன்றுமில்லை, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் சேர், என்று இத்தனையும் அந்த நாலெழுத்துக்குள் அடங்கிவிடும்.

"யாரு சேர் ஃபைன்?" என்று கேட்டேன்.

அவர் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, "ஊசி போட்டாச்சு டீச்சர். கொஞ்ச நேரம் படுத்திருந்தா வீக்கம் எறங்கிரும்" என்றார்.

"மூச்சு இழுக்குது, பாக்கலியா?"

"அது பயத்துல. குளவி கொட்டுறது நம்ம தோட்டத்துல புதுசா என்ன?"

அவர் கெட்ட மனிதர் என்று நான் எழுதப் போவதில்லை. என் மகளுக்குக் காய்ச்சல் வந்த காலத்தில் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்தவர். ஆனால் அன்று மேலே இருக்கிறவருக்கு 'ஃபைன்' என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுப்பது அவருக்கு என் அக்காவின் மூச்சைவிடப் பெரிய சங்கடமாகிவிட்டது. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மலையில் நடந்ததைத் தரையில் உட்கார்ந்திருந்த பெண்தான் சொன்னாள். எங்கள் ஊரில் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மலை என்றுதான் பெயர். அன்று அவர்கள் போன மலையில், நிழலுக்கு நிற்கிற பெரிய மரத்தில், பானை அளவில் ஒரு குளவிக்கூடு தொங்கியது. அது எல்லோருக்கும் தெரியும். அக்கா இரண்டு தடவை பெரட்டில் வைத்து, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் சொன்னது யாருக்கும் கேட்காமல் போயிருக்க வழியே இல்லை.

"கண்டக்டர் ஐயா என்னா சொன்னாருன்னா" என்றாள் அந்தப் பெண். வெளிவேலையை மேற்பார்வை செய்கிறவரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். "பைன் பிளக்கிங் வேணுமாம். இன்னும் ரெண்டு நாள் விட்டா கொழுந்து முத்திருமாம். கூட்டப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம், சத்தம் போடாம எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு."

ஃபைன் பிளக்கிங் என்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும், இளசாக, கிள்ளி எடுப்பது. அதில்தான் நல்ல தூள் வரும். அந்தச் சொல்லைத் தோட்டத்தில் படிக்காதவர்களும் சொல்வார்கள். பிஞ்சுக் கொழுந்துக்கு ஒரு ஃபைன். அதைக் கிள்ளப் போய்க் கொட்டு வாங்கி வந்தவளுக்கு இன்னொரு ஃபைன்.

நான் அந்தத் தொலைபேசியைக் கேட்டு வாங்கினேன். அவர் தரத் தயங்கினார், பிடுங்கிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். மறுமுனையில் சின்னத்துரை, தோட்டத்து உதவி மேலாளர். கொழும்பில் படித்த இளைஞர், என்னிடம் எப்போதும் மரியாதையாகவே பேசுகிறவர். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். பதுளைக்குக் கொண்டுபோக வேண்டும், லொறியைத் தாருங்கள் என்றேன்.

"டீச்சர், மருந்து கொடுக்கிறவர் ஃபைன் என்கிறாரே."

"நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் சேர். ஃபைன் இல்லை."

"லொறியில் கொழுந்து ஏற்றியாகிவிட்டது. தொழிற்சாலைக்குப் போய் இறக்கிவிட்டு வரட்டும். அதற்குள் உங்கள் அக்காவும் கொஞ்சம் தெளிந்துவிடுவார்."

"கொழுந்தை இறக்கி வைத்துவிட்டு ஆளை ஏற்றலாமே?"

"வெயிலில் வாடிவிடும் டீச்சர்" என்றார்.

அவர் அதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. மிகவும் சாதாரணமாக, நான் புரிந்துகொள்வேன் என்ற நம்பிக்கையோடு சொன்னார். நான் ஆங்கிலம் பேசுகிறவள், அவர் கட்சிக்காரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவத்திலிருந்து லொறி புறப்பட்டு, டிஸ்பென்சரி வாசல் வழியாகவே, மெதுவாக ஆடி அசைந்து போனது. மேலே பச்சை வலைச் சாக்குகள். நான் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினேன். ஓட்டி வந்தவர் எங்கள் லயத்துக்காரர்தான். என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார், போய்விட்டார்.

கடைவீதியில் நிற்கிற ஆட்டோ ஒன்றை யாரோ ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். அக்காவை நடுவில் உட்கார வைத்து நான் ஒரு பக்கமும் அந்தப் பெண் மறுபக்கமும் பிடித்துக்கொண்டோம். மடுல்சீமையிலிருந்து இறங்குகிற பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளத்துக்குப் பள்ளம் அக்கா முனகினாள். பிறகு முனகலும் நின்றது. "பேசு அக்கா, பேசு" என்று தோளை உலுக்கினேன்.

"என்னாத்த பேச" என்றாள். "அந்த லொறி போச்சா?"

"போச்சு."

"நாசமாப் போக."

அந்த ஒரு சொல்லில்தான் அப்போது எனக்கு உயிர் வந்தது.

பசறை தாண்டி ஒரு வளைவில் பொலிஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். ஆட்டோக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. வந்த வேகம் அப்படி. "பைன் எழுதப் போறாங்க டீச்சர். லைசனையும் புடிச்சிருவாங்க" என்றார். அபராதத்துக்கும் அதே சொல்தான். நான் இறங்கி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தத் தொடங்கினேன். அந்தப் பொலிஸ்காரர் நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. குனிந்து உள்ளே பார்த்தார். "அனே, அக்கே" என்று அக்காவைப் பார்த்து, ஐயோ அக்கா என்று, ஒரு வார்த்தை சொன்னார். கையிலிருந்த புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டின் நடுவுக்குப் போய், எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, எங்களைப் போகச் சொன்னார். அன்று ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அக்காவின் முகத்தைக் குனிந்து பார்த்த உத்தியோகக்காரர் அவர் ஒருவர்தான். அவரும் ஒரு தடவைதான் பார்த்தார். அதற்குள் விளங்கிவிட்டது.

பதுளை ஆஸ்பத்திரியில் அவளை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். மூச்சை மீட்டுவிட்டார்கள். ஆனால் அடுத்த நாள் அவளுக்குச் சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்துப் போனது. அதன் பிறகு வரவே இல்லை. விஷம் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது, இரத்தத்தை மெஷின் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டொக்டர். இளம் பெண். தமிழ் கொஞ்சம்தான் வரும், இருந்தும் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, கையால் சைகை காட்டி, அவளிடமே எல்லாவற்றையும் சொன்னார். நல்லாயிடுமா என்று அக்கா கேட்டாள். "தெரியாது அம்மா. பாப்பம்" என்றார். தெரியாது என்ற அந்தச் சொல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அந்த வாரத்தில் ஒரு நாள் மட்டும் பாடசாலைக்குப் போனேன். போயிருக்க வேண்டாம். நான்காம் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வழக்கம்போல நான் எப்படி இருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வழக்கம்போல எல்லாரும் ஒரே இராகத்தில், "வீ ஆர் ஃபைன், தேங்க் யூ டீச்சர்" என்றார்கள். முன் வரிசையில் ஒரு சிறுமி. அக்காவின் தலையில் குளவி பொறுக்கிக்கொண்டிருந்தாளே, அவளுடைய மகள். அவளும் சொன்னாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று அவளிடம் தமிழில் கேட்டேன்.

"கை மடக்க ஏலாது டீச்சர். ராவெல்லாம் அழுதாங்க."

"நீ தூங்கினியா?"

"இல்ல டீச்சர்."

"சாப்பிட்டியா?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று. மற்றப் பிள்ளைகள் ஒன்றும் விளங்காமல் நின்றுகொண்டே இருந்தார்கள். பாடப்புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான் போட்டிருக்கிறது. காய்ச்சலோடு வந்தவனும் அதையே சொல்ல வேண்டும். பசியோடு வந்தவளும் அதையே சொல்ல வேண்டும். இந்தத் தோட்டங்களில் எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் வாயில் முதல் ஆங்கிலமாக நாங்கள் ஒரு பொய்யைத் திணித்திருக்கிறோம் என்று நினைத்தபோது மேசையில் கிடந்த புத்தகத்தைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. அரசாங்கச் சொத்து. கையிலிருந்த பன்னை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பாடத்தை மாற்றினேன். பசிக்கிறது, வலிக்கிறது, கோபமாக இருக்கிறது என்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று அன்று முழுப் பாடவேளையும் படிப்பித்தேன். கோபத்துக்கான சொல்லைத்தான் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரத்துக்காகக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. விறாந்தையில் உட்கார்ந்து போனில் அகராதியைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடினேன். இத்தனை வருஷம் படிப்பித்தும் அது எங்கிருந்து வந்தது என்று நான் பார்த்ததில்லை. இலத்தீனில் முடிவு, எல்லை என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்ததாம். கடைசிவரை செய்து முடிக்கப்பட்டது, ஆகவே குறையில்லாதது, ஆகவே நேர்த்தியானது, ஆகவே நல்லது. இன்னொரு கிளை வேறு பக்கம் போகிறது. ஒரு வழக்கை முடிவுக்குக் கொண்டுவரக் கொடுக்கிற பணம். அதிலிருந்து அபராதம். மாவுபோல நுண்ணியதற்கும் அதே சொல், மழையில்லாத நாளுக்கும் அதே சொல். ஒருவரை எல்லைக்குள் அடைத்து வைப்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கிற கன்ஃபைன் என்ற சொல்லுக்கும் வேர் இதுதான்.

வேறொரு நாளில் என்றால் இதையெல்லாம் இரசித்திருப்பேன், வகுப்பில் சொல்லியிருப்பேன். அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிவு என்றுதான் அர்த்தமா? பேச்சை முடித்துவிடு என்பதற்குத்தானா அந்தச் சொல்? டிஸ்பென்சரிக்காரர் அதைச் சரியான பொருளில்தான் சொல்லியிருக்கிறார். ஃபைன், அதாவது முடிந்தது, இனிமேல் ஒன்றும் கேட்காதீர்கள். உள்ளே மெஷின் என் அக்காவின் இரத்தத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்க, வெளியே நான் ஒரு இலத்தீன் சொல்லோடு சண்டை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா பிழைத்தாள். சிறுநீர் மறுபடி வந்தது. ஆனால் சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை, காலில் நீர் கோத்துக்கொண்டது. மலை ஏறக்கூடாது, கூடை சுமக்கக்கூடாது, குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டும், கிளினிக்குக்கு ஒழுங்காக வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் வீட்டுக்கு வருவதற்குள் நான் முறைப்பாடு எழுதிப் பதுளைத் தொழில் திணைக்களத்தில் கொடுத்துவிட்டேன். கூட்டைப் பற்றி முன்கூட்டியே சொல்லியும் அனுப்பினார்கள், லொறியும் தரவில்லை என்று.

முறைப்பாடு போன செய்தி எப்படியோ தோட்டத்து ஒபிசுக்கு எட்டிவிட்டது. தோட்டத்து மேலாளரான பெரியதுரை எங்களை அழைத்தார். இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டார்கள். அந்த ஒபிசில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. அக்கா அதைத் தொடவில்லை. அன்றைக்கான தண்ணீரை அவள் குடித்து முடித்திருந்தாள். துரை அதை முறைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அவர் நயமாகப் பேசினார். நடந்தது வருத்தத்துக்குரியது, யார் மேலும் பிழை இல்லை, அக்காவுக்கு இனிமேல் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை தரலாம், மலைக்குப் போகவே வேண்டாம். நீங்கள் அந்த முறைப்பாட்டை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டால் எல்லாவற்றையும் சுமுகமாக முடித்துவிடலாம். கடைசியில் மேசை மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துச் சிரித்தார்.

"ஸோ டீச்சர், வீ ஆர் ஃபைன்?"

"என்னா கேக்கறாரு?" என்றாள் அக்கா.

"எல்லாம் சரிதானேன்னு கேக்கறாரு."

"அந்தக் கூட்ட எடுத்தாச்சான்னு கேளு."

கேட்டேன். துரை பக்கத்தில் நின்ற கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாக, கிடைத்ததும் எடுத்துவிடுவதாக, ஏதோ முணுமுணுத்தார். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்து, மெஷினில் கிடந்து, வீடு திரும்பி, நடக்கத் தொடங்கியும் ஆகிவிட்டது. அந்தக் கூடு இன்னும் அதே மரத்தில் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆங்கிலத்தில் என்னென்னவோ சொல்ல வாய் திறந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, துரையை நேராகப் பார்த்துத் தமிழிலேயே பேசினாள்.

"புள்ளைக் காம்பரா வேல குடுக்கறதுன்னா குடுங்க. ஒடம்புக்கு ஏலாதவளுக்கு லேசு வேல குடுக்கறது தர்மம் இல்ல, மொற. அதக் காட்டி எங்க வாய மூட வேணாம். நாளைக்கி வேற ஒருத்தி போவா அந்த மலைக்கு. அவளுக்கும் இதே மாதிரி தேத்தண்ணி குடுப்பீங்களா?"

துரைக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். இருந்தும் மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தார். அக்கா பேசியதை அப்படியே சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. "நோ சேர். வீ ஆர் நொட் ஃபைன்" என்றேன். எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்த நாள் காலைப் பெரட்டில் அந்த மலைக்கு ஆள் கூப்பிட்டபோது பெண்கள் யாரும் நகரவில்லை. நான் அங்கே இல்லை. அக்கா இருந்தாள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியை மடித்துப் போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாளாம். அரைப் பேர்தான் விழும் என்று கண்டக்டர் சத்தம் போட்டிருக்கிறார். அரை நாள் சம்பளம்தான் என்று அர்த்தம். "போடுங்க" என்றிருக்கிறார்கள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பொழுது சாயும் நேரத்தில், இதற்கென்றே தெரிந்த ஆள் ஒருவர் எங்கிருந்தோ வந்து, சாக்கால் உடம்பை மூடிக்கொண்டு, ஏணி வைத்து ஏறி, புகை போட்டுக் கூட்டை எடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் வேலை. ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை என்று அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.

பிள்ளைக் காம்பரா வேலையைக் கடைசியில் கொடுத்துவிட்டார்கள். முறைப்பாட்டை நாங்கள் எடுக்கவில்லை. விசாரணை என்று கடிதம் வரும், ஒரு தரப்பு வராது, இன்னொரு நாள் குறிப்பார்கள். அக்காவும் நானும் விடிகாலை பஸ்ஸில் புறப்பட்டுப் பதுளைக்கு வந்து, அதே நாளில் கிளினிக்கையும் முடித்துக்கொண்டு திரும்புவோம். மருந்து எழுதிய துண்டோடு அக்கா பஸ் நிலையத்தில் நின்று, தான் குடிக்க முடியாத இளநீரை எனக்கு வாங்கித் தருவாள். வேண்டாம் என்றால் சண்டை.

போன தடவைதான் எல்லாரும் வந்திருந்தார்கள். தோட்டத்தின் சார்பில் பேச ஒருவர் வந்திருந்தார். நல்ல கோட்டு, நல்ல குரல். அவர் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். இந்தத் தொழிலாளி உரிய சிகிச்சை பெற்றுத் தற்போது நல்ல உடல்நிலையில் வேலை செய்து வருகிறார் என்றார். நல்ல உடல்நிலை என்பதற்கு அவர் போட்ட சொல்லும் ஃபைன்தான். வேறு சொல்லே கிடையாதா இவர்களுக்கு என்று எனக்கு உச்சந்தலை கொதித்தது. விசாரிக்கிற அதிகாரி அதைச் சிங்களத்தில் குறித்துக்கொண்டார். தமிழில் யாரும் சொல்லவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்து, அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். "என் அக்காவுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்" என்றேன் அதிகாரியிடம். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீங்களே சொல்லுங்கோ டீச்சர்" என்றார். சொன்னேன்.

"நான் நல்லா இருக்கேன்னா சொல்றாரு?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். பக்கத்திலிருந்த வெறும் நாற்காலியில் வலது காலைத் தூக்கி வைத்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் ஒதுக்கி, கைப் பெருவிரலால் காலை அழுத்தினாள். நன்றாக, மாவைப் பதம் பார்ப்பதுபோல் அழுத்திவிட்டு விரலை எடுத்தாள். விரல் இருந்த இடத்தில் ஒரு குழி அப்படியே நின்றது.

கோட்டுப் போட்டவர் தன் காகிதங்களைப் பார்த்தார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு எழுந்து மேசையைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். குழி மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. அது நிரம்பும்வரை அக்கா காலை எடுக்கவில்லை.